10,000 கேம் இருக்குன்னா அது நல்ல மெஷினா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய வீடியோ கேம் ஆடற கையடக்க மெஷின்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல இதுக்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குவாங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கீழ ஒரு அட்டவணை இருந்துச்சு பாருங்க, அதைப் பாத்ததும்தான் இந்த லெட்டரை எழுத உக்காந்தேன். வரிசையா மெஷின் பேரு, எதிர்ல உள்ள எத்தன கேம் இருக்குன்னு ஒரு எண், எண் பெருசா இருந்தா ஸ்டாரும் அதிகம், அவ்ளோதான். உள்ள என்ன சிப்பு, ஸ்க்ரீன் என்ன வடிவம், ஸ்டிக் இருக்கா இல்லையா, ஒண்ணுமே காணோம். "10,000 கேம் உள்ளதை கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு ஒரு வரி வேற. கம்மி பட்ஜெட்ல ஒண்ணே ஒண்ணு வாங்கப்போற ஆளுக்கு இதை விட மோசமா வழி சொல்ல முடியாதுங்க.

அந்த எண் எப்படி வருதுன்னு, லிஸ்ட்டை ஒரு தடவை அடி வரைக்கும் தள்ளிப் பாத்தாலே புரிஞ்சிடும். ஒரே கேம் அமெரிக்க வெர்ஷன், ஜப்பான் வெர்ஷன், ஐரோப்பா வெர்ஷன்னு மூணு தடவை இருக்கும், அதுக்கு மேல யாரோ கலர் மாத்தின ஹேக் ஒண்ணு, வேலை முடியாம பாதில நின்னுபோற பீட்டா வெர்ஷன் ஒண்ணு, அப்புறம் ஜப்பான் எழுத்து படிக்கத் தெரியலன்னா ஒரு அடி கூட நகர முடியாத ரோல் ப்ளேயிங் கேம் வண்டி வண்டியா. இதுல ஐரோப்பா வெர்ஷன்ல ஒரு கூத்து இருக்கு. அந்தக் காலத்து ஐரோப்பிய டிவி நொடிக்கு 50 தடவை படம் மாத்தற வகை, அமெரிக்கா ஜப்பான்ல 60, பல கம்பெனிங்க ஐரோப்பாவுக்குன்னு விடும்போது வேகத்தை சரி பண்ணாமலே விட்டுட்டாங்க, அதனால அந்த கேம் எல்லாம் ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும், மியூசிக்கும் சேந்து இழுக்கும். லிஸ்ட்ல முதல்ல கண்ணுல பட்டதை அமுக்கறவரு "சின்ன வயசுல ஆடினது இவ்ளோ மந்தமாவா இருந்துச்சு"ன்னு நெனச்சு தூக்கி ஓரமா வெச்சிடுவாரு. பாவம், பக்கத்து வரியிலயே நல்ல வெர்ஷன் இருந்திருக்கும்.

இருந்துட்டுப் போகட்டுமே, கூட இருக்கறதுல என்ன நஷ்டம்னு கேப்பீங்க. நஷ்டம் இருக்கு, கார்டு பத்தி வரும்போது சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்கேர்ந்து தொடங்கணும்னு சொல்லிடறேன். ஒரு பேப்பர்ல, உண்மையிலயே நீங்க ஆடப்போற அஞ்சாறு கேம் பேரை எழுதுங்க, பக்கத்துல அது எந்த மெஷின்ல வந்துச்சுன்னு எழுதுங்க. 1989ல வந்த கேம் பாயா, வீட்டு டிவில சொருகி ஆடின 8 பிட் மெஷினா, 2001ல வந்த கேம் பாய் அட்வான்ஸா, 1994ல ஜப்பான்ல வந்த முதல் ப்ளேஸ்டேஷனா, 2004ல வந்த சோனியோட கையடக்க மெஷின் பிஎஸ்பியா. இந்த பேப்பர் கையில இருந்தா முக்கால்வாசி முடிவு தானா வந்துடும், ஏன்னா சிப்பு, ஸ்க்ரீன், பட்டன் எல்லாமே இதுலேர்ந்துதான் வரணும். உங்க அட்டவணை மெஷின்லேர்ந்து ஆரம்பிச்சு கேமுக்குப் போகுது, போக வேண்டியது அப்படியே எதிர்த் திசையில.

முதல்ல சிப்பு. எமுலேட்டர்னா பழைய மெஷினோட மூளை என்னென்ன பண்ணுச்சோ அதை இன்னொரு மூளை வெச்சு நடிச்சுக் காட்டறது, படம் வரையற சிப்பு, சத்தம் போடற சிப்பு எல்லாத்தையும் ஒரே தாளத்துல சேத்து நடிக்கணும், அதனால ஒரிஜினல் மெஷினை விட பல மடங்கு வேகம் தேவைப்படும். கேம் பாய், 8 பிட், அதுக்கு அடுத்து வந்த 16 பிட், கேம் பாய் அட்வான்ஸ் இதெல்லாம் இன்னைக்கு இருக்கறதுலயே சல்லிசான சிப்பு கூட தூங்கிக்கிட்டே ஓட்டும். ப்ளேஸ்டேஷன் ஒண்ணும் அப்படித்தான், அதோட ப்ராசசர் வெறும் 33 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். மியூ மினி ப்ளஸ்னு ஒரு பட்ஜெட் மெஷின், அதுல இருக்கறது ரெண்டு கோர் கார்டெக்ஸ் ஏ7, ரேம் 128 எம்பிதான், இந்தக் கணக்கைக் கேட்டா சிரிப்பு வரும், ஆனா ப்ளேஸ்டேஷன் வரைக்கும் அழகா ஓட்டிடும். அந்த பேப்பர்ல உங்க லிஸ்ட் ப்ளேஸ்டேஷனோட நிக்குதுன்னா நீங்க பெரிய சிப்பைத் தேடி அலையவே வேணாம், இருக்கற காசை நல்ல ஸ்க்ரீன் மேலயும் நல்ல பட்டன் மேலயும் போடுங்க.

சிக்கல் அதுக்கு அடுத்த படியில. நின்டெண்டோ 64 ப்ராசசர் 93.75 மெகாஹெர்ட்ஸ், கேட்டா ப்ளேஸ்டேஷனை விட மூணு மடங்குதானேன்னு தோணும், ஆனா அதுல இருந்த க்ராஃபிக்ஸ் சிப்புக்குள்ள ஓடற மைக்ரோகோடுங்கற குட்டி ப்ரோக்ராமை கேம் பண்றவங்க மாத்திக்க முடியும், சில ஸ்டுடியோக்காரங்க அவங்களுக்குன்னே தனியா எழுதிக்கிட்டாங்க, அதனால ஒரு கேம் வெண்ணெய் மாதிரி ஓடும், இன்னொண்ணு அதே மெஷின்ல திக்கும். சேகா சாட்டர்னும் இப்படித்தான், ரெண்டு ப்ராசசரை ஜோடியா ஓட வெச்ச மெஷின், அதை நடிக்க வைக்கறது பெரும்பாடு. ஆன்பெர்னிக் கம்பெனியோட ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் ப்ளஸ், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் மாதிரி எச்700 சிப்பு போட்ட மெஷின்கள்ல நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி எல்லாம் "பாதிக்குப் பாதி" ரகம். விளம்பரத்துல பிஎஸ்பி ஓடுதுன்னு வீடியோ காட்டுவாங்க, உத்துப் பாத்தா ரெண்டு பரிமாண புதிர் கேம் ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கும், கனமான கேமைப் போட்டுக் காட்டமாட்டாங்க. ஓடுதுங்கறது வேற, உக்காந்து ஒரு மணி நேரம் ஆட முடியுதுங்கறது வேற. ப்ளேஸ்டேஷன் 2, கேம்க்யூப் எல்லாம் அந்த பேப்பர்ல இருந்தா இந்த பட்ஜெட் ரகத்தை மறந்துட்டு கொஞ்ச நாள் காசு சேத்து ஆண்ட்ராய்ட் போட்ட பெரிய சிப்பு மெஷினுக்குப் போயிடறதுதான் புத்திசாலித்தனம், நடுவுல ஒண்ணு வாங்கி நொந்துக்காதீங்க.

அடுத்தது ஸ்க்ரீன், உங்க கட்டுரைல "பெருசா இருந்தா நல்லது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா இந்த மெஷின் வாங்கறதுல சுவாரஸ்யமான கணக்கே இங்கதான் இருக்கு.

பழைய வீட்டு டிவி கேம் எல்லாமே 4க்கு 3 வடிவத்துக்கு வரைஞ்சது. கேம் பாய் ஸ்க்ரீன் அகலம் 160 புள்ளி, உயரம் 144, கிட்டத்தட்ட சதுரம். கேம் பாய் அட்வான்ஸ் 240க்கு 160, அதாவது 3க்கு 2. பிஎஸ்பி 480க்கு 272, இன்னைக்கு டிவி மாதிரி நீட்டு. ஆக எல்லாத்துக்கும் பொருந்தற ஒரே ஸ்க்ரீன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஏதாவது ஒண்ணுக்கு கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும், எதுக்கு விழுந்தா உங்களுக்குப் பரவால்லங்கறதுதான் கேள்வி. 5 இன்ச்னு சொல்லி விக்கற ட்ரிம்யூஐ ஸ்மார்ட் ப்ரோ மாதிரி நீட்டு ஸ்க்ரீன் மெஷினை எடுத்துக்கங்க, 1280க்கு 720. அதுல டிவி கேம் போட்டா ரெண்டு பக்கமும் பட்டை விழுந்து நடுவுல 4 இன்ச் ஸ்க்ரீன் அளவுக்குத்தான் படம் தெரியும். பிஎஸ்பி ஆடறவங்களுக்கு அது தங்கம், 16 பிட் ஆடறவங்களுக்கு ஒரு 3.5 இன்ச் 4க்கு 3 மெஷினை விட கொஞ்சம்தான் பெருசு, ஆனா பாக்கெட்ல நுழையாது.

இன்னொரு கணக்கு இருக்கு, முழு எண் பெருக்கல். பழைய கேம்ல ஒரு புள்ளியை புது ஸ்க்ரீன்ல சரியா ரெண்டு மடங்கா மூணு மடங்கா காட்டினா எல்லா புள்ளியும் ஒரே அளவு சதுரமா, கூர்மையா இருக்கும். ரெண்டே முக்கால் மடங்குன்னு காட்ட வேண்டி வந்தா சில புள்ளி தடியா சில புள்ளி ஒல்லியா வரும், நிக்கும்போது தெரியாது, ஆனா திரை நகர ஆரம்பிச்சதும் தரை முழுக்க தண்ணி மாதிரி நெளியும். பட்ஜெட் ரகத்துல ரொம்பப் பொதுவா இருக்கறது 640க்கு 480. அதுல கேம் பாய் மூணு மடங்கு கச்சிதமா உக்காரும், 480க்கு 432. ஆனா கேம் பாய் அட்வான்ஸை ரெண்டு மடங்கு வெச்சா 480க்கு 320ன்னு நடுவுல குட்டியா நிக்கும், அகலம் முழுக்க இழுத்தா ரெண்டே முக்காலுக்குப் பக்கத்துல வந்து நெளியும். இதுக்குன்னே ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, ஸ்க்ரீன் 720க்கு 480, கேம் பாய் அட்வான்ஸுக்கு புள்ளி மாறாம மூணு மடங்கு, விளிம்பு வரைக்கும் நிறையும். பவ்கிடி ஆர்ஜிபி30ல இருக்கற 720க்கு 720 சதுர ஸ்க்ரீன்லயும் அதே மூணு மடங்கு வரும், மேலயும் கீழயும் பட்டையோட. ட்ரிம்யூஐ ப்ரிக்ல 3.2 இன்ச்சுக்குள்ள 1024க்கு 768 திணிச்சிருக்காங்க, புள்ளி அவ்ளோ பொடிசா இருக்கறதால எத்தன மடங்கா இருந்தாலும் கண்ணுக்கு நெளிசல் பெருசா தெரியாது, ஆனா எழுத்து நிறைய வர்ற கேமுக்கு 3.2 இன்ச் சின்னது, கண்ணாடி போட்டவங்க யோசிச்சுக்கங்க. நின்டெண்டோ டிஎஸ் ஆசை இருந்தா அது வேற கதை, ரெண்டு ஸ்க்ரீனை ஒண்ணுக்குள்ள அடுக்கணும், தொடுதிரை இருக்காது, ஸ்டிக்கை வெச்சு அம்புக்குறியை நகத்தணும். சில கேமுக்கு ஒத்துவரும், பல கேமுக்கு பொறுமை போயிடும்.

பட்டன் பத்தி நீளமா சொல்ல மாட்டேன். நீங்க ஆடறது ரெண்டு பரிமாண கேம்னா டி பேட்தான், அதாவது கூட்டல் குறி மாதிரி இருக்கற திசை பட்டன்தான் உசுரு, ஸ்டிக் இல்லன்னா கூட ஒண்ணும் குடி முழுகிடாது. ஒரு சண்டை கேமைப் போட்டு கீழ அமுக்கி அப்படியே பக்கவாட்டுல உருட்டிப் பாருங்க, நேரா மேல அமுக்கும்போது சாய்வா போற டி பேட் இருந்தா குதிக்க வேண்டிய இடத்துல எல்லாம் நடந்து போய் விழுவீங்க. நின்னபடி இருக்கற கேம் பாய் வடிவ மெஷின் பாக்க அழகு, பாக்கெட்ல சுலபமா போகும், ஆனா மேல் விளிம்புல இருக்கற நாலு தோள் பட்டனையும் அடிக்கடி அமுக்கற ப்ளேஸ்டேஷன் கேமுக்கு விரல் மடங்கி வலிக்கும், பெரிய கைக்காரங்க படுத்த வடிவம் வாங்கறது நல்லது.

இனி வாங்கின பிறகு. கட்டுரைல "ஆன் பண்ணி ஆட வேண்டியதுதான்"னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு யாரும் அப்படிப் பண்ணாதீங்க. பெட்டியோட வர்ற மெமரி கார்டு பெரும்பாலும் பேர் இல்லாத மட்டமான கார்டு, அந்த 10,000 கேமையும் இலவசமா குடுக்கற மாதிரி குடுக்க இதுலதான் மிச்சம் பிடிக்கறாங்க. அது ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போயிடும், போகும்போது நீங்க ராத்திரி ராத்திரியா சேத்து வெச்ச சேவ் ஃபைலையும் கூட்டிட்டுப் போயிடும், முன்ன சொன்ன நஷ்டம் இதுதான். அதனால முதல் வேலை, நல்ல கம்பெனி கார்டு ஒண்ணு வாங்கறது. அதுலயும் போலி நிறைய சுத்துது, 128 ஜிபின்னு காட்டும், உள்ள அதுல கால்வாசி கூட இருக்காது, எழுதிக்கிட்டே போகும்போது பழசு மேலயே எழுதும். வாங்கின உடனே கம்ப்யூட்டர்ல சொருகி, விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் மேக்னா எஃப்3, ரெண்டுல ஒண்ணை வெச்சு முழுசா எழுதி முழுசா படிச்சுப் பாத்துடுங்க, நேரம் ஆகும், ஆகட்டும்.

பழைய கார்டைத் தூக்கிப் போடாதீங்க, அதை அப்படியே முழு நகலா, அதாவது ஒரு இமேஜ் ஃபைலா கம்ப்யூட்டர்ல எடுத்து வெச்சுட்டு கார்டை டப்பால பத்திரப்படுத்துங்க. ஆர்36எஸ் மாதிரி நிறைய பேர் காப்பியடிச்சு விக்கற மெஷின்னா இது ரொம்ப ரொம்ப முக்கியம், வெளிய ஒரே மாதிரி இருக்கும், உள்ள பல விதமான டிஸ்ப்ளே பேனல் போட்டிருப்பாங்க, ஆர்க்ஓஎஸ்ங்கற சிஸ்டம் சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்தினா, உள்ள என்ன பேனல் இருக்குன்னு சிஸ்டத்துக்குச் சொல்ற டிடிபி ஃபைல் பொருந்தாம ஸ்க்ரீன் கறுப்பாவே நிக்கும், மெஷின் செத்துப் போச்சுன்னு பயந்துடுவாங்க. ஒரிஜினல் கார்டோட பூட் பகுதில அந்த ஃபைல் இருக்கும், அதை எடுத்து புது கார்டுல போட்டா பெரும்பாலும் உயிர் வந்துடும்.

சாஃப்ட்வேர் மாத்தணுமான்னா, மாத்தினா மெஷினே வேற மாதிரி ஆயிடும்னு நான் சொல்லுவேன். மியூ மினிக்கு ஆனியன் ஓஎஸ், எச்700 ஆன்பெர்னிக்குங்களுக்கு மியூஓஎஸ், நுல்லி எல்லாம் ஆர்வலருங்க சம்பளம் வாங்காம எழுதிக் குடுக்கறது, கம்பெனி போட்டு அனுப்பறதை விட நேர்த்தியா இருக்கும். மியூஓஎஸ் மாதிரி இமேஜா வர்றதை எட்சர், ரூஃபஸ் மாதிரி ஒரு ப்ரோக்ராம் வெச்சு கார்டுல எழுதணும், ஆனியன் மாதிரி சிலது வெறும் ஃபோல்டரா வரும், எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணின கார்டுல காப்பி பண்ணினா போதும். இமேஜ் எழுதி முடிச்சதும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணணும்"னு ஒரு பெட்டியைக் காட்டும், சில சமயம் நாலஞ்சு பெட்டி வரிசையா வரும், அது லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியாம கேக்குது, எல்லாத்துக்கும் கேன்சல் குடுங்க. ஓகே குடுத்தா எழுதினது அத்தனையும் காலி, திரும்ப முதல்லேர்ந்து. ரெண்டு கார்டு ஸ்லாட் இருந்தா சிஸ்டத்தை ஒண்ணுலயும் கேமை இன்னொண்ணுலயும் வெச்சுக்கங்க, பின்னாடி சிஸ்டம் மாத்தும்போது கேம் பக்கம் தொடவே வேணாம்.

கேம் ஃபைலை சரியான ஃபோல்டர்ல போடணும், போட்டா லிஸ்ட்ல வரும். மேக்லேர்ந்து காப்பி பண்றவங்களுக்கு ஒவ்வொரு கேமும் ரெண்டு தடவை தெரியும், ஒண்ணு அமுக்கினா ஓடாது, அது மேக் விட்டுட்டுப் போற புள்ளியில ஆரம்பிக்கற மறை ஃபைல், அழிச்சிடலாம். ப்ளேஸ்டேஷன் சிடி எல்லாம் க்யூ ஃபைல் பின் ஃபைல்னு துண்டு துண்டா இருக்கும், அதை சிஎச்டியா மாத்திட்டா ஒரே ஃபைலா சுருங்கிடும், கேமுக்கு ஒரு குறையும் வராது. ரெண்டு மூணு சிடி கேமுக்கு ஒரு எம்3யூ ஃபைல் எழுதிக்கங்க, சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், உள்ள ஒவ்வொரு சிடி பேரும் ஒவ்வொரு வரி, அப்பதான் "அடுத்த சிடி போடு"ன்னு கேம் கேக்கும்போது சேவோட சேத்து மாத்திக்க முடியும். ஆர்கேட் கேம், அதாவது கடைல காசு போட்டு ஆடின பெரிய பெட்டி கேம், மட்டும் தனி ராஜ்ஜியம், ஜிப்பைப் பிரிக்கக்கூடாது, பேரை மாத்தக்கூடாது, எமுலேட்டர் எந்த வெர்ஷனுக்கு எழுதினதோ அதே வெர்ஷன் செட்டா இருக்கணும், மேம் 2003 ப்ளஸ்ங்கற எமுலேட்டர்ல ஓடறது எஃப்பி நியோங்கற இன்னொண்ணுல ஓடணும்னு அவசியம் இல்ல. இதுல மண்டை காயாதவங்க யாரும் கிடையாது.

பயாஸ் ஃபைல் பத்தி ரெண்டு வார்த்தை, பழைய மெஷினை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற அதோட சொந்த சாஃப்ட்வேர்தான் பயாஸ். கேம் பாய், 16 பிட்டுக்கெல்லாம் தேவையில்ல. ப்ளேஸ்டேஷனுக்கு பயாஸ் இல்லாம சமாளிக்கற எமுலேட்டரும் உண்டு, ஆனா சேவ் ஆகாம போறது, நடுவுல உறையறது எல்லாம் அப்ப கூடும். பல எமுலேட்டரை ஒண்ணா வெச்சு ஓட்டற ரெட்ரோஆர்ச்ங்கற ப்ரோக்ராம் தேடற அமெரிக்க ப்ளேஸ்டேஷன் பயாஸ் எஸ்சிபிஎச்5501, சரியா 512 கேபி இருக்கும். ஃபைல் பேரை சின்ன எழுத்துல வைங்க, விண்டோஸுக்கு பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணுதான், ஆனா மெஷினுக்குள்ள ஓடறது லினக்ஸ், கார்டு ஃபார்மேட்டைப் பொறுத்து அதுக்கு ரெண்டும் வேற வேற ஃபைலா இருக்கலாம், அப்ப கண்ணு முன்னாடி இருந்தும் "பயாஸ் காணோம்"னு அடம் பிடிக்கும்.

இப்ப சேவ் விஷயம், இதை யாருமே சொல்லிக் குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த மெஷின்ல ரெண்டு வித சேவ் இருக்கு. ஒண்ணு கேமுக்குள்ளயே இருக்கற சேவ், அந்தக் காலத்துல கேட்ரிட்ஜ்ல பேட்டரி வெச்சு காப்பாத்தினது. இன்னொண்ணு எமுலேட்டர் குடுக்கற சேவ் ஸ்டேட், எந்த நொடியில நிறுத்தினீங்களோ அதே நொடியை ஃபோட்டோ புடிச்சு வெச்சுக்கும். ஸ்டேட் வசதியா இருக்கேன்னு அதையே நம்பி இருந்தீங்கன்னா, பின்னாடி எமுலேட்டர் வெர்ஷன் மாறினாலோ வேற எமுலேட்டருக்குப் போனாலோ அது திறக்காம போகலாம். கேம் சேவ் அப்படி இல்ல, பெரும்பாலும் மெஷின் விட்டு மெஷின் எடுத்துட்டுப் போகலாம். ஆனா கேம் சேவ்லயும் ஒரு பொறி இருக்கு, நீங்க கேமுக்குள்ள சேவ் குடுத்தாலும் எமுலேட்டர் பல நேரம் அதை மெமரிலயே வெச்சிருந்து கேமை முறையா மூடும்போதுதான் கார்டுல எழுதும், சேவ் பண்ணிட்டோம்னு தைரியமா பட்டனை அமுக்கிப் புடிச்சு கரண்டை நிறுத்தினா போச்சு. ரெட்ரோஆர்ச் செட்டிங்ல சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளின்னு ஒண்ணு இருக்கு, அதை சில நொடிக்கு ஒரு தடவைன்னு வெச்சுடுங்க. அப்புறம் பழைய ஸ்டேட்டை லோடு பண்ணினா கேமுக்குள்ள இருக்கற சேவும் அந்தப் பழைய நேரத்துக்கே திரும்பிடும், கேம் திறந்ததும் கடைசி ஸ்டேட் தானா வர்ற ஆட்டோ லோடை ஆன்ல வெச்சிருக்கறவங்க இதை மனசுல வெச்சுக்கணும். சேவ் ஃபோல்டரை அப்பப்ப கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிக்கங்க, மொத்தமா சேந்தாலும் ஒரு ஃபோட்டோ ஆல்பம் அளவு கூட வராது.

மத்தபடி செட்டிங்கை நோண்டிக்கிட்டே இருக்காதீங்க, நிறைய பேருக்கு செட்டிங் மாத்தறதே கேமா ஆயிடுது. முழு எண் பெருக்கல் ஆன், ஃபாஸ்ட் ஃபார்வர்டுக்கு ஒரு பட்டன், கேம் பாய்க்கு படத்து மேல லேசா கட்டம் போடற ஓவர்லே ஒண்ணு, அவ்ளோதான் வேணும். ஃபாஸ்ட் ஃபார்வர்டு இல்லாம அந்தக் காலத்து ரோல் ப்ளேயிங் கேமை இன்னைக்கு முடிக்க எனக்குப் பொறுமை இல்ல, அந்தக் கால ஆளுங்க என்னைத் திட்டினாலும் பரவால்ல. சார்ஜருக்கு ஒரு வார்த்தை, இந்த ரகத்துல பலதுல ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கற கேபிளைப் போட்டா சார்ஜே ஏறாது, டைப் சி சார்ஜர் எதிர்பாக்கற ரெண்டு குட்டி ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சு விட்டிருப்பாங்க, ஒரு பக்கம் பழைய யூஎஸ்பி ஏ இருக்கற கேபிள் போட்டா ஏறும், மெஷின் ரிப்பேர்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

கடைசியா, "கேம் எல்லாம் இலவசம்"னு கட்டுரைல ஒரு பெட்டிச் செய்தி இருந்துச்சே, அதை நீங்க திருத்திப் போடணும். எமுலேட்டர் எழுதறது, வெச்சிருக்கறது ஒரு விஷயம், 2000ல அமெரிக்க அப்பீல் கோர்ட்ல சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்குல, ப்ளேஸ்டேஷன் எமுலேட்டர் எழுதறதுக்காக சோனியோட பயாஸை ஆராயும்போது காப்பி எடுத்தது நியாயமான பயன்பாடுதான்னு தீர்ப்பாச்சு. கேம் ஃபைல் அப்படி இல்ல, பயாஸ் ஃபைலை அப்படியே எடுத்து சுத்தி விடறதும் அப்படி இல்ல, அதுக்கு காப்பிரைட் இருக்கு, முப்பது வருஷம் ஆனதால போயிடாது. அந்த 10,000 கேமை கார்டுல போட்டு விக்கறவங்கள்ல யாரும் அதுக்கு உரிமை வாங்கினவங்க இல்ல. அதே சமயம் மறுபக்கமும் சொல்லணும், 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2010க்கு முன்னாடி அமெரிக்கால வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்கு கடைல எந்த வடிவத்துலயும் கிடைக்கலன்னு. காசு குடுத்து வாங்கறேன்னு சொன்னாலும் விக்க ஆள் இல்ல, அதனால ஆளுங்க வேற வழி தேடறது எனக்குப் புரியாம இல்ல. சொந்தமா கேட்ரிட்ஜ் இருக்கறவங்க அதைப் படிச்சு ஃபைலா எடுக்க சின்ன ரீடர் கிடைக்குது, பழைய சிடி இருந்தா கம்ப்யூட்டர் ட்ரைவே போதும். இன்னைக்கும் கேம் பாய்க்கு புதுசா கேம் எழுதறவங்க இருக்காங்க, ஜிபி ஸ்டுடியோன்னு ஒரு இலவச டூல் இருக்கு, கோடிங் தெரியாதவங்க கூட அதுல கேம் பண்ணி வெளியிடறாங்க, நிறைய பேர் ஃபைலை இலவசமாவே குடுக்கறாங்க. உங்க கட்டுரைல இதுல ஒரு வரி கூட வரல.

சின்னப் பசங்களுக்கு வாங்கித் தர்லாமான்னு கட்டுரைல கேட்டிருந்தீங்க, தாராளமா. நடுவுல விளம்பரம் வராது, "இன்னும் நூறு வைரம் வாங்கு"ன்னு காசு கேக்காது, முன்ன பின்ன தெரியாத ஆள் சாட்ல வரமாட்டான். ஆனா அந்த ரெடிமேட் லிஸ்ட்டோட குடுக்காதீங்க, அதுக்குள்ள என்னென்ன கிடக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. நீங்களே பத்து கேம் பொறுக்கிப் போட்டுக் குடுங்க, ஒரு கேமை முழுசா முடிக்கற பழக்கம் வரும்.

அடுத்த தடவை இந்த மாதிரி அட்டவணை போட்டா, கேம் எண்ணிக்கை இருக்கற இடத்துல நாலு விஷயம் போடுங்க: சிப்பு பேரு, ஸ்க்ரீன் எத்தனைக்கு எத்தன புள்ளி, கார்டு ஸ்லாட் ஒண்ணா ரெண்டா, எந்த கஸ்டம் சாஃப்ட்வேர் அதுல ஏறும். இடம் பத்தலன்னா ஸ்டாரை எடுத்துடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட பழைய வாசகர் ஒருத்தர்

பி.கு.: மெஷினை மாசக்கணக்கா தொடாம ட்ராயர்ல போட்டு வைக்கறதா இருந்தா பாதி சார்ஜ்ல வெச்சு, முழுசா ஆஃப் பண்ணி வைங்க, ஸ்லீப்ல விட்டா பேட்டரி அடி வரைக்கும் வடிஞ்சு பாழாயிடும். முதுகு மூடி லேசா தூக்கிக்கிட்டு நின்னா பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அப்படி இருந்தா சார்ஜ் போடாதீங்க.